பத்துக்கு ஒரு முடிச்சு

இப்போது யாருக்கும் காது கிடையாது, போன்தான் இருக்கிறது. சாவு வீட்டுக்கு வருகிறவன் மாலையைப் போடுகிறான், பிணத்தைப் படம் எடுக்கிறான், கீழே கும்பிடுகிற கை இரண்டை ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். அத்தோடு அவன் துக்கம் முடிந்தது. கோவிலிலும் அதே கதைதான். சாமியார் நற்கருணையைத் தூக்கிக் காட்டினால் இவர்கள் போனைத் தூக்கிக் காட்டுகிறார்கள். யாருக்கு யார் காட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை.

போன மாதம் எங்கள் ஊர் அந்தோணியார் கோவில் திருவிழாவில் ஒரு சரவெடி வெடித்தது. அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் அதைப் படம் பிடித்தார்கள். காதால் கேட்டவர்கள் மூன்றே பேர். நான், என் மருமகள் முருகேஸ்வரி, தெற்குத்தெரு செல்லத்தாய். கேட்டது ஒரே வெடிதான். ஆனாலும் இன்றுவரைக்கும் எனக்கும் என் மருமகளுக்கும் அதில் ஒத்துவரவில்லை.

அந்தச் சரத்தைப் பின்னியவள் என் பெண்சாதி இன்னாசியம்மாள். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது.

நான் சவரிமுத்து. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வெம்பக்கோட்டை ரோட்டில் ஒரு வெடிக் கம்பெனியில் கேட்டில் இருந்தேன். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் சந்தேகப்படுவதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். பீடி, தீப்பெட்டி, போன், சாவிக்கொத்து, சேலையில் குத்துகிற ஊக்கு, கால் கொலுசு, எதுவும் உள்ளே போகக்கூடாது. இரும்பு எங்கேயாவது உரசினால் ஒரு பொறி, ஒரு பொறி போதும். ஆண்களை நான் தடவிப் பார்ப்பேன். பெண்கள் தாங்களாகவே கழற்றிப் பிளாஸ்டிக் கூடையில் போடவேண்டும். அவர்கள் முகத்தை மட்டும் பார்ப்பேன். எதையாவது ஒளிக்கிறவர்களின் வாய் தனியாகத் தெரியும். உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதை வைத்தே பிடித்துவிடுவேன்.

கல்யாணமான புதிதில் இன்னாசியும் எங்கள் கம்பெனிக்கு வந்தாள். முதல் நாள் அவள் கழுத்தில் ஒரு ஜெபமாலை கிடந்தது. வேளாங்கண்ணிக்குப் போனபோது அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது. மணியெல்லாம் மரம், கோர்த்திருந்தது கம்பி, சிலுவையும் இரும்பு. கழற்று என்றேன். சாமி மாலை என்றாள். பின்னால் வரிசையில் அத்தனை பெண்களும் நிற்கிறார்கள். பெண்சாதிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று பேச்சு வந்துவிடக்கூடாது.

"இரும்பு இரும்புதான். உரசித் தீப்பிடிச்சா அந்தோணியார் வந்து வாயால ஊதி அணைப்பாரா?" என்று கேட்டேன்.

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் மாலையைக் கழற்றிக் கூடையில் வைக்காமல் என் கையில் வைத்தாள். "கீழ போட்டுராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று ராத்திரி சோறு வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. மறுநாளிலிருந்து மாலையை வீட்டிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள்.

அவள் வேலை சரம் பின்னுவது. ஒவ்வொரு வெடியாக எடுத்து, அதன் சின்னத் திரியை நடுவில் ஓடுகிற பெரிய திரியோடு சேர்த்து, நூலைச் சுற்றி இழுக்க வேண்டும். வெடிச் சிவப்புத்தாளின் சாயம் விரல் முழுக்க ஏறியிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் கையை நீட்டுவார்கள், அவள் நாக்கைத்தான் நீட்டுவாள். இந்தக் கையிலே வாங்கக் கூச்சமாயிருக்கிறது என்பாள். நானும் அந்தக் காலத்தில் அவள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வேப்பெண்ணெயும் வெடிமருந்தும் கலந்த ஒரு வாடை அவளிடம் இருக்கும். வேறு எந்த வாடைக்கும் நான் இப்படி மூக்கைத் திருப்பித் தேடியதில்லை.

எங்கள் மகன் ராயப்பனுக்கு அப்போது நடக்கிற வயது. ஒரு திருவிழாவில் அவனைத் தோளில் வைத்துக்கொண்டு சப்பரத்துக்குப் பின்னால் நின்றேன். எங்கள் கம்பெனிச் சரம் ஒன்றைக் கொளுத்தினார்கள். இன்னாசி என் விலாவில் இடித்து, கேளுங்கள் என்றாள். என்னத்தைக் கேட்பது, வெடிதானே என்றேன். காதைக் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். படபடவென்று போகிற வெடி, நடுநடுவே ஒரு மூச்சு நின்று போனது. திக்குவாய்க்காரன் பேசுகிற மாதிரி.

அப்போதுதான் சொன்னாள். மாலையைக் கேட்டில் பிடுங்கிக்கொண்டதால் சரத்திலேயே ஜெபமாலை சொல்கிறாளாம். மாலையின் ஒரு மணிக்குப் பதில் ஒரு வெடி, அதற்கு மாதாவுக்கு ஒரு மங்கள வார்த்தை ஜெபம். பத்து முடிந்ததும் பிதாவுக்கு ஒரு பரலோக மந்திரம். அதற்கு வெடி கிடையாது. பெரிய திரிமேல் நூலை இறுக்கி உள்முடிச்சு ஒன்று போடுவாள். வெளியே பார்த்தால் தெரியாது. நெருப்பு அந்த முடிச்சைத் தாண்டக் கொஞ்சம் திணறும். அந்தத் திணறல்தான் அந்த மூச்சு.

"அப்ப ஊரெல்லாம் உன் ஜெபத்தைக் கொளுத்திப் போடுறான்" என்றேன்.

"போடட்டும். சத்தமாப் போயிச் சேரும்ல."

போர்மேன் கருப்பணனும் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டான். இவள் பின்னுகிற சரம் மட்டும் இழுத்து இழுத்து வெடிக்கிறது என்று சத்தம் போட்டான். இன்னாசி குனிந்த தலை நிமிரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிற செல்லத்தாய்தான் சண்டைக்குப் போனாள். வெடிக்கும்போது நடுவில் ஒரு நிறுத்தம் வந்தால்தானே பிள்ளைகள் முடிந்துவிட்டது என்று கிட்டே வந்து, மறுபடி வெடிக்கும்போது அலறி ஓடும், அதிலேதானே வேடிக்கை என்று அவனைக் குழப்பிவிட்டாள். செல்லத்தாய் காளியம்மனைக் கும்பிடுகிறவள். அவளுக்கு இந்த மந்திரமெல்லாம் தெரியாது. ஆனாலும் இன்னாசியைப் பார்த்து அவளும் பத்துக்கு ஒரு முடிச்சுப் போட ஆரம்பித்தாள். என்ன சொல்லிப் போடுகிறாய் என்று கேட்டதற்கு, "பத்துத் தடவ எங்க மாமியாள வைவேன், அப்புறம் ஆத்தாளுக்கு ஒரு கும்பிடு" என்றாளாம். இன்னாசி அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, சாயக் கையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணிலே நிற்கிறது.

அப்படியே வருஷங்கள் போயின. விடியுமுன்னே கம்பெனி வேன் வரும். இரண்டு தூக்குவாளி. அவள் ஜன்னலோரம், நான் டிரைவர் பக்கம். பொழுது சாய்ந்து திரும்பும்போது வேனிலேயே பெண்கள் பாட்டுப் பாடுவார்கள். மாரியம்மன் பாட்டும் வரும், மாதா பாட்டும் வரும், இரண்டுக்கும் ஒரே ஆட்கள்தான் கை தட்டுவார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் உலை வைப்பாள். உலை கொதிக்கிறவரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். பகலில் சரத்தில் விட்டுப்போனதை அங்கே சொல்லி முடிப்பாள் போல. கோபத்தில் திட்டும்போதுகூட நடுவில் உதடு தானாக அசையும். அது என்னமோ எனக்குப் பழகிவிட்டது. அது அசைகிற வரைக்கும் வீட்டில் எல்லாம் சரியாயிருக்கிறது என்று அர்த்தம்.

ராயப்பன் வளர்ந்தான். பக்கத்து ஊர் முருகேஸ்வரியைக் கட்டினான். அவள் எங்கள் வேதத்துக்காரி இல்லை. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கி மரியாள் என்று ஒரு பெயரும் வாங்கினாள். அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. இன்னாசிதான் அவளுக்கு மந்திரமெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்ததும் எங்கே? வேனில், சரம் பின்னுகிற இடத்தில், கையில் நூலோடுதான்.

ராயப்பன் எங்கள் கம்பெனியிலேயே மருந்து செலுத்துகிற அறையில் வேலைக்கு இருந்தான். அவன் போனது ஒரு பங்குனி மாதம். விபத்து ஒரு அறையோடு நின்றுவிட்டது என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த ஒரு அறையில்தான் அவன் இருந்தான். காலையில் அவனைத் தடவிப் பார்த்து உள்ளே அனுப்பியது நான். அவன் சட்டைப் பையில் ஒன்றும் இல்லை. சுத்தமாகத்தான் போனான்.

வீடு நிறையச் சனம் வந்தது. கோவில் உபதேசியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றார். எங்கள் கம்பெனியில் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவனைக் கேட்டில் நிறுத்தி வைத்துவிடுவோம் உபதேசியாரே என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் நான் கோவிலுக்குப் போகவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு மட்டும் போய் வாசல்மரத்தடியில் நின்றேன்.

விபத்துக்காகக் கம்பெனிக்கு வைத்த சீல் எடுத்து மறுபடி திறந்தார்கள். நானும் இன்னாசியும் அதே வேனில் ஏறி வேலைக்குப் போனோம். வேறு எங்கே போவது? எல்லாரும் அவளைத்தான் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போனாள். முருகேஸ்வரியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருநாள் அவள் கோவிலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

"இன்னமும் அவர்கிட்ட உனக்கென்ன பேச்சு?"

"சண்டைதான்."

"சண்டைன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதான?"

"பேச்ச விட்டுட்டா அப்புறம் எப்படிங்க சண்ட போடுறது?" என்றாள். "எனக்கு அவருகிட்ட நெறையக் கேக்க வேண்டியிருக்கு."

நல்ல பதில்தான். ஊரில் அதைச் சொல்லிச் சொல்லி அவளைப் பெரிய விசுவாசக்காரி ஆக்கிவிட்டார்கள். சாமியார்கூடப் பிரசங்கத்தில் சொன்னாராம். ஆனால் நான் நம்பவில்லை. எனக்கு அவள் வாயைத் தெரியும். கம்பெனி திறந்த அந்த வாரம் முழுக்க உலைக்கு முன்னால் அவள் உதடு அசையவே இல்லை. ஒட்டிக்கொண்டு கிடந்தது. கேட்டில் எத்தனை வாயைப் பார்த்தவன் நான். அவள் எதையோ ஒளிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் அவளும் விட்டுவிட்டாள், மருமகள் இடிந்துபோவாளே என்று எங்களுக்காகக் கோவிலுக்குப் போய்வருகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பாள்.

கொஞ்ச நாளில் உதடு மறுபடி அசைய ஆரம்பித்தது. என் சந்தேகம் மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வருஷம் தீபாவளிக்கு வழக்கம்போலக் கம்பெனியில் ஆளுக்கொரு வெடிப் பெட்டி கொடுத்தார்கள். இன்னாசி பெட்டியை வாங்கிக்கொண்டு வராமல், அடுக்கி வைத்த சரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கருப்பணன் முறைத்தான். கடைசியில் ஒன்றை எடுத்து மாற்றிக்கொண்டாள். வேனில் வரும்போது, கம்பெனி திறந்த வாரம் தான் பின்னிய சரம் இது என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த வாரம் வெள்ளை நூல் தீர்ந்துபோய்ப் பச்சை நூல் கொடுத்தார்களாம். பச்சை நூலில் கடைசி வெடியை இப்படிச் சாய்த்துக் கட்டுவது அவள் ஒருத்திதானாம். அந்தோணியார் திருவிழாவுக்கு வெடிக்க வேண்டும் என்று டிரங்குப்பெட்டியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த திருவிழா வந்தது. மழை வருகிற மாதிரி இருக்கிறது, வேண்டாம் என்றாள். அதற்கடுத்த வருஷம் தெருவில் ஒரு சாவு. அப்புறம் கொரோனா, சப்பரமே எடுக்கவில்லை. பிறகு கோர்ட்டு போட்டிருந்த சரவெடித் தடையை இறுக்கினார்கள், சரம் பின்னுகிற வேலையே நின்றது. பெட்டிக்குள் அது அப்படியே கிடந்தது. ஒரு ஐப்பசியில் நெஞ்சுவலி என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. சாமியார் வந்து அவஸ்தை பூசினார், சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெய். வாயைத் திறந்து நன்மை வாங்கிக்கொண்டுதான் போனாள். அதை நானும் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

எனக்கு வேண்டியது அந்த ஒரு வாரம். அந்த வாரமாவது அவளும் என்னைப் போலத்தான் இருந்தாளா? இல்லை, நான் மட்டும் தனியாக வாசல்மரத்தடியில் நின்றேனா? இது தெரிந்தால் போதும். கேட்க அவள் இல்லை. சரம்தான் இருக்கிறது. முடிச்சு உள்ளே கிடப்பது, பிரித்துப் பார்த்தாலும் தெரியாது. வெடித்தால் தெரியும். வெடித்துவிட்டால் அவள் கை பட்டது வீட்டில் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அதை இத்தனை நாள் தொடவில்லை.

முருகேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. இந்த வருஷம் சித்திரை வெயிலில் பட்டுச்சேலைக்குக் காற்றுக் காட்டப் பெட்டியைத் திறந்தவள், அடியில் சரத்தைப் பார்த்து, அதோடு அப்படியே என்னிடம் வந்து நின்றாள். பெட்டிக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்தில் பேத்தி சினேகா படுக்கிறாள்.

"ஊரையே தடவிப் பாத்தீக மாமா. வீட்டுக்குள்ள மருந்த வச்சுக்கிட்டுப் படுத்துருக்கீக. ஒரு உசுரு போனது பத்தாதா?"

 தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு மண்ணில் புதைக்கிறேன் என்று தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தியது அன்றுதான். அப்போதுதான் அவளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த வாரத்தைச் சொன்னேன், உதட்டைச் சொன்னேன், என் சந்தேகத்தைச் சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சரத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அத்தை விட்டிருக்க மாட்டாக" என்றாள். ராயப்பன் போனதிலிருந்து, சண்டை போடவாவது பேச வேண்டும் என்று அத்தை சொன்ன அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் தான் நடமாடுவதாகவும், அது பொய்யென்றால் தனக்கும் தெரியத்தான் வேண்டும் என்றும் சொன்னாள். பயந்துபோயிருந்தாள். குரலிலே தெரிந்தது. அப்படியும் பின்வாங்கவில்லை. திருவிழாவுக்கு வெடித்துவிடுவோம், அத்தை அதற்குத்தானே வைத்தார்கள் என்று அவளே சொன்னாள்.

திருவிழா அன்று சாயந்தரம், சப்பரம் கிளம்புகிற நேரம். கோவிலுக்குப் பின்னால் கருவேலமரத்தை வெட்டித் திடலாக்கியிருக்கிறார்கள். ஆட்களைத் தள்ளி நிறுத்தினேன். பழைய வேலை, தானாக அதட்டல் வந்தது. செல்லத்தாயைக் கூப்பிட்டிருந்தோம். அவள்தான் சரத்தைப் பூப்போலப் பிரித்து மண்ணில் நீட்டினாள். பச்சை நூல் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது. சாய்த்துக் கட்டிய கடைசி வெடியைத் தேடினேன். இரண்டு முனையிலும் கடைசி வெடிகள் பெட்டிக்குள்ளேயே உதிர்ந்து தூளாகியிருந்தன. கொளுத்துகிற திரியும் இல்லை. செல்லத்தாய் புதுத் திரி ஒன்று கொண்டுவந்திருந்தாள். நான் எனக்குப் பக்கத்தில் கிடந்த முனையில் அதைச் சொருகி, ஊதுபத்தியை ஒரு குச்சியில் கட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெடியைக் கொளுத்தினேன். வெடிக் கம்பெனியிலே காலம் தள்ளினேனே தவிர, அதுவரைக்கும் ஒரு பொட்டுவெடிகூட வெடித்ததில்லை.

பிடித்துக்கொண்டது. பழைய மருந்தாக இருந்தாலும் படபடவென்று ஓடியது. போன்கள் எல்லாம் மேலே எழும்பின. நான் காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன்.

சரம் மூச்சு விடவில்லை. ஒரே ஓட்டமாக ஓடியது. பத்து போனது, இருபது போனது, நிற்கவே இல்லை. முருகேஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சுக்குள்ளே என்னமோ இளகியது. சந்தோஷம் என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்த வாசல்மரத்தடியில் இன்னொருத்தி வந்து பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. நீயுந்தானா என்று கேட்கத் தோன்றியது.

அந்த நேரத்தில் ஒரு திணறல்.

புகைக்குள்ளே நெருப்புத் தேடுகிற மாதிரி நின்று, மறுபடி பிடித்தது. வெடித்தது. நின்றது. வெடித்தது. நின்றது. பாதிச் சரத்திலிருந்து கடைசிவரைக்கும் அப்படியே, பத்துக்கு ஒரு மூச்சு, தப்பாமல். பிள்ளைகள் முடிந்துவிட்டதென்று கிட்டே வருவதும் அலறி ஓடுவதுமாக இருந்தார்கள். கடைசி வெடி வெடித்து முடிந்தபோது முருகேஸ்வரி தரையில் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"திரும்பிட்டாக மாமா" என்றாள். "நீங்க சொன்னதும் நெசந்தான். விட்டுட்டுத்தான் இருந்திருக்காக. பாதியில திரும்பப் பேச ஆரம்பிச்சுட்டாக. இதே சரத்துல, ஒரே உக்காரயில."

செல்லத்தாயும் கண்ணைத் துடைத்தாள். என் கண்ணிலும் தண்ணீர் நின்றது, புகைதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஒரு நொடி நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் என் புத்தி கேட் புத்தி. உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று பார்க்காமல் அது எதையும் விடாது.

"செல்லத்தாயி, நான் வச்சது எந்த முனை?" என்று கேட்டேன்.

"என்ன கேக்கீக அண்ணாச்சி?"

"அவ பின்ன ஆரம்பிச்ச முனையா? முடிச்ச முனையா?"

செல்லத்தாய் புகைந்துகொண்டிருந்த தாள் குவியலைப் பார்த்தாள். கடைசி வெடியைச் சாய்த்துக் கட்டியிருந்தால் அதை வைத்துச் சொல்லிவிடலாம், அதுதான் உதிர்ந்துபோயிற்றே என்றாள். திரிகூட இல்லாமல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கிடந்ததாம். நிஜமாகவே தனக்குத் தெரியாது என்று கையை விரித்தாள்.

முருகேஸ்வரிக்கு இன்னும் புரியவில்லை. நான் சொன்னேன். ஆரம்பித்த முனையில் தீ வைத்திருந்தால், இன்னாசி வாயை மூடிக்கொண்டு ஆரம்பித்துப் பாதியில் பேசத் தொடங்கியிருக்கிறாள். முடித்த முனையில் வைத்திருந்தால் எல்லாம் தலைகீழ். ஜெபம் சொல்லிக்கொண்டே ஆரம்பித்திருக்கிறாள், பாதியிலே விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து உலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது நான் பார்த்த அந்த வாய், விட்டுவிட்டு வந்த வாய்.

முருகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"விட்டுட்ட சரமா இருந்தா, எதுக்கு மாமா அத்தனை சரத்துலயும் தேடி எடுத்துட்டு வந்து, அந்தோணியாருக்குன்னு வச்சாக?"

"திரும்புன சரமா இருந்தா, எதுக்கு வருசா வருசம் ஒரு சாக்குச் சொல்லி வெடிக்க விடாம வச்சா? நான் கேட்டுருவேன்னுதான்."

"எனக்குத் தெரியும், அத்தை திரும்பிட்டாக."

"எப்படித் தெரியும்? நீ பாத்தியா?"

"பாக்கல. நம்புறேன்."

"அப்ப தெரியும்னு சொல்லாத. நம்புறேன்னு சொல்லு."

"சரி, நம்புறேன்" என்றாள். அவள் குரலில் இப்போது பயம் இல்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. பெட்டியைத் திறந்த அன்று நடுங்கினவள், விடை தெரியாது என்று ஆன பிறகு இப்படி நிமிர்ந்து நிற்கிறாள். தெரிந்துவிட்டால் அப்புறம் நம்ப என்ன இருக்கிறது மாமா என்று வேறு கேட்டாள். இன்னாசி சொல்லிக் கொடுத்ததாக இருக்கும். இல்லை, அவளாகவே சொன்னாளோ என்னமோ. எனக்கு அது பதிலாகப் படவில்லை. கேட்டில் இப்படிச் சொல்லியிருந்தால் ஒருத்தரையும் உள்ளே விட்டிருக்க மாட்டேன்.

சப்பரம் திடலைச் சுற்றிக்கொண்டு வந்தது. மேளமும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தன. முருகேஸ்வரி சினேகாவின் தலையில் முக்காட்டைச் சரி செய்தாள். "ஆசீர்வாதம் குடுக்கப் போறாக. ஒரு நிமிசம் நில்லுங்க மாமா, அத்தைக்காக" என்றாள். செல்லத்தாய்கூட, அண்ணாச்சி, நானே நிற்கிறேன், நீங்கள் நின்றால் என்ன குறைந்துவிடும் என்றாள்.

நின்றால் குறையாதுதான். நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் எந்த முனை என்று தெரியாமல் அங்கே எதைச் சொல்லிக் கும்பிடுவது? அவளோடு சேர்ந்து கும்பிடுவதா, அவளோடு சேர்ந்து கோபித்துக்கொள்வதா? முருகேஸ்வரியிடம் நீ நின்று வா என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். எதிரே சனம் நெருக்கிக்கொண்டு வந்தது. எல்லார் கையும் உயரத் தூக்கியிருந்தது, எல்லாக் கையிலும் போன். அவர்களை ஒதுக்கிக்கொண்டு கோவில் சுவரோரமாக நடந்தேன். ஆரம்பித்த முனையாகத்தான் இருக்கும் என்று ஒரு அடிக்குத் தோன்றியது. அடுத்த அடிக்கு இருக்காது என்று தோன்றியது. பின்னால் சாமியார் மைக்கில் எல்லாரையும் முழங்காலில் இருக்கச் சொன்னார். நான் ரோட்டில் ஏறிவிட்டேன்.